இங்கத்த நேரம் பதினொன்று

எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு சுவர்க்கடிகாரங்கள் உண்டு. வலது பக்கத்தில் இருப்பது இங்கத்த நேரம். இடது பக்கத்தில் இருப்பது அங்கத்த நேரம், அதாவது மஸ்கட் நேரம். ஒன்றரை மணி நேரம் பிந்தி ஓடும். அப்பா மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். அவர் வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் அந்தக் கடிகாரத்தைக் கழற்றியிருக்கலாம். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, என் கணவரும் அதே மஸ்கட்டுக்குப் போய்விட்டார். கடிகாரம் அப்படியே இருந்தது, ஆள்தான் மாறினார்.

அதனால் வளைகுடாவில் இருப்பவர் ஒரு நேரத்தைச் சொன்னால் அதோடு ஒன்றரையைக் கூட்டிக்கொள்வது எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தராத பாடம். எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்றால் ஒன்பதரைக்குப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவோம். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் இப்படித்தான். தக்கலையில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் எனக்குக் கணக்குப் பாடம். வீட்டிலும் கூட்டிக் கழித்துச் சொல்வது என் வேலைதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருந்தது என்றுதான் இப்போது சொல்ல முடியும்.

என் தம்பி பயணிகள் கப்பலில் வேலை பார்க்கிறான். கப்பல் என்றதும் கடல் காற்றும் வெள்ளைச் சட்டையும் நினைவுக்கு வரும். அவனுக்குக் கிடைத்தது கப்பலின் அடித்தட்டில் சலவைக்கூடம். ஆயிரக்கணக்கான துண்டுகளும் விரிப்புகளும் வந்து விழும் இடம். ஜன்னல் கிடையாது. கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பல நாள் தெரியாது என்று சொல்வான்.

அப்பாவுக்கு ஈரலில் வந்த புற்று பரவிவிட்டது என்று நாகர்கோவில் டாக்டர் சொன்னபோது தம்பியின் ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது. டாக்டர் கொடுத்த கணக்கு இரண்டு மாதம். அதையும் தயங்கித்தான் கொடுத்தார். அம்மா போன வருஷம் இறந்தபோது தம்பி பாதியில் இறங்கி வந்தவன். இரண்டாவது தடவையும் இறங்கினால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் போனில் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவன் அதைச் சொன்னான். கப்பல் வளைகுடாவை விட்டுக் கிளம்பி பம்பாய், கோவா, கொச்சி வழியாகக் கொழும்புக்குப் போகிறது. கொச்சியில் ஒரு பகல் நிற்கும்.

கொச்சியிலிருந்து தக்கலைக்கு வந்து திரும்பப் பகல் போதாது. அப்பாவைக் கொச்சிவரை கொண்டுபோக அவர் உடம்பு போதாது. பாதி வழியில் கொல்லம். அவன் கொச்சித் துறைமுக வாசலில் வாடகைக் கார் எடுத்துத் தெற்கே வர வேண்டும், நாங்கள் இங்கிருந்து கார் எடுத்து வடக்கே போக வேண்டும். அஷ்டமுடிக் காயலின் கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். இரண்டு மணி நேரம் கிடைக்கும். தம்பி துபாயில் கப்பல் நின்றபோது எழுதி அனுப்பினான்: "காலையில ஏழுக்கு இறங்குவேன். பதினொன்னுக்கு கொல்லம். ஒரு மணிக்கு திரும்பியாகணும். அஞ்சரைக்குள்ள கப்பல்ல ஏறணும்."

நான் அதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றோடும் ஒன்றரையைக் கூட்டினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. இரண்டு மாதமாகக் கப்பல் வளைகுடாவில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் சொன்ன மணி எல்லாம் அங்கத்த மணியாகவே இருந்தது. பதினொன்று பன்னிரண்டரை ஆயிற்று. ஒன்று இரண்டரை ஆயிற்று. அந்தத் தாளை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன்.

மற்ற விஷயத்தில் எல்லாம் என்னைப் போல ஜாக்கிரதைக்காரி கிடையாது. சொந்தக்காரர்கள் தங்கள் காரைத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். அடுத்தவர் பேரில் உள்ள காரில் எல்லை தாண்டும்போது நோயாளியை வைத்துக்கொண்டு யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது என்று பெர்மிட் உள்ள மஞ்சள் போர்டு வண்டியாகவே பார்த்தேன். முன் இருக்கை முழுவதும் சாயுமா என்று நானே ஏறிப் படுத்துப் பார்த்தேன். டிரைவர் சிரித்தார். பிளாஸ்டிக் உறை, துண்டு, கஞ்சி, மாத்திரை, மாற்றுச் சட்டை என்று பட்டியல் போட்டேன். தம்பியிடம் ஒரு வார்த்தை, "இது எந்த நேரம்?" என்று மட்டும் கேட்கவில்லை. கோவாவிலிருந்து முந்தின நாள் அவன் அனுப்பினான்: "நாளைக்கு பதினொன்னு. மறக்காத." கப்பல் அப்போது கோவாவில் நிற்கிறது. கோவாவில் என்ன மஸ்கட் நேரமா ஓடும்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். நான் "சரி" என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

அப்பாவிடம் தம்பி வரும் விஷயத்தைச் சொல்லவில்லை; சொல்லவில்லை என்பதைத் தம்பியிடமும் சொல்லவில்லை. நோயின் பெயரையே சொல்லவில்லை. மஞ்சள்காமாலை முற்றியிருக்கிறது, பத்தியம் இருந்தால் தேறும் என்று சொல்லி வைத்திருந்தோம். ஒரு வேளைச் சோறு தின்ன மகன் கப்பலிலிருந்து இறங்கி ஓடி வருகிறான் என்றால் அவருக்குப் புரிந்துவிடும். அதனால் டூர் என்றேன். "வீட்டுக்குள்ளேயே கிடந்து என்னத்துக்கு? ஒரு வண்டி எடுத்து வர்க்கலை கடலையும் கொல்லத்துக் காயலையும் பாத்துட்டு வருவோம்" என்றேன். அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பத்மநாபபுரம் ராஜா கொட்டாரத்தையே நான் ஒரு தடவைதான் பாத்திருக்கேன், மக்ளே. நடந்து போற தூரத்துல கெடக்கு. இனியாக்கும் எனக்கு கொல்லத்துக் காயலு?"

ஆனால் வந்தார்.

ஏழேகாலுக்குக் கிளம்பினோம். என் தாளின்படி அது தாராளம். பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர ஐந்தேகால் மணி நேரம். டிரைவரிடம் பையப் போகச் சொன்னேன். களியக்காவிளை எல்லையில் நிற்கவே இல்லை. நெய்யாற்றின்கரை தாண்டி ஒரு கடையில் அப்பா அரைக் கிளாஸ் சாயா குடித்தார். திருவனந்தபுரம் பைபாஸில் நல்ல வெயில். அப்பா சாய்ந்து படுத்தபடி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. முகம் மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தது. நேரம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் நான் ஆற்றிங்கலைத் தாண்டி வண்டியை வர்க்கலைப் பக்கம் திருப்பச் சொன்னேன். சொன்னது நான்தான். அப்பா கேட்கவில்லை.

வர்க்கலையில் குன்றின் மேல் கார் நிறுத்தும் இடம்வரை வண்டி போகும். கதவைத் திறந்து வைத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கடல் தெரியும். அப்பாவுக்குக் காற்று பிடித்திருந்தது. "இந்தக் கடலுலதான அவன் கெடக்கான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் முன்னால் வந்து நிற்பானே என்று மனசுக்குள் குதித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது.

பதினொன்று பத்துக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. தம்பியின் இந்திய எண் ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துப்போயிருந்தது. அவன் தன் டிரைவரின் போனிலிருந்து கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, நீங்க எங்க நிக்கிய? நான் வந்து பத்து நிமிஷமாச்சு. மேசையெல்லாம் பிடிச்சு வச்சிருக்கேன்."

"பன்னிரண்டரைக்குத்தானே?" என்றேன்.

"ஹலோ, ஒண்ணும் கேக்கல்லக்கா. பதினொன்னுன்னுதான எழுதினேன்?"

"அது அங்கத்த நேரம்..."

அவனுக்கு லைன் விட்டு விட்டுக் கேட்டது. நான் சொன்னதில் எதுவும் அவன் காதில் சரியாக விழவில்லை. "எங்க நிக்கிய, எங்க நிக்கிய" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். வர்க்கலை என்றேன். வர்க்கலையில் என்ன செய்கிறீர்கள் என்று கத்தினான். எதிரே வரட்டுமா என்றான். கடற்கரை வழியும் உண்டு, பெரிய ரோடும் உண்டு, வழியில் மாறிப்போனால் அதுவும் போச்சு. அங்கேயே நில் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன்.

வண்டி கிளம்பி இரண்டு மூன்று வளைவு திரும்பியது. அப்பா கேட்டார்.

"அவன் இங்கத்த நேரமாக்கும் சொல்லியிருக்கான், இல்லியா?"

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கணக்கைப் போட்டவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் ஆமா என்றேன்.

"கொல்லத்துக்கா வந்திருக்கான்?"

"ஆமாப்பா."

"கொச்சியில இருந்து?"

தலையாட்டினேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ரோட்டைப் பார்த்தார். "அப்ப எனக்கு அவ்வளவுதான், என்ன?" என்றார். நான் டிரைவரிடம் வேகமாகப் போகச் சொன்னேன். அதுவே பதில் என்று அவருக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரிந்திருக்கும். ஒரு மாதமாக மஞ்சள்காமாலை, பத்தியம் என்று கட்டிக்காத்ததெல்லாம் அந்த ரோட்டில் ஒரு கேள்வியில் முடிந்தது. எனக்கு அழக்கூட நேரம் இல்லை. நான் டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய ரோட்டில் ஏறியதும் பிளாக். நான்கு வழியை ஆறு வழியாக்குகிறார்களோ என்னவோ, இரண்டு பக்கமும் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒற்றை வரிசையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். இடம் கிடைத்த இடத்தில் டிரைவர் நான் சொன்னபடி வெட்டி வெட்டி ஓட்டினார். அப்பாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக் உறையை எடுப்பதற்குள் சட்டையெல்லாம் வாந்தி. ஓரமாக நிறுத்தி முகத்தைக் கழுவி விட்டேன். மாற்றுச் சட்டையைப் போட நேரம் இருக்கிறதா என்று யோசித்தேன். சொந்தத் தகப்பனுக்குச் சட்டை மாற்ற நேரம் இருக்கிறதா என்று யோசித்த மகள் நான். மாற்றவில்லை. ஈரத் துண்டால் துடைத்துவிட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டு வண்டியில் ஏறினேன்.

அவன் சொன்ன கடைக்கு முன்னால் நாங்கள் போய் நின்றபோது மணி பன்னிரண்டு நாற்பத்திரண்டு. தம்பி ரோட்டிலேயே நின்றான். மெலிந்திருந்தான். வெயில் படாமல் வெளுத்த முகம், புதுச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல். சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் அதை மட்டும் நன்றாகச் செய்திருந்தான். அவனுக்குப் பின்னால் காயல் பளபளவென்று கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அவன் கதவைத் திறந்ததும் வாடைதான் முதலில் அடித்திருக்கும். முகம் சுளிக்கவில்லை. குனிந்து அப்பாவின் காலைப் பிடித்தான். வீங்கிய காலில் அவன் விரல் அழுந்திய இடம் குழியாக நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லாம் என் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா பேசினார்.

"கோவப்படாத மக்கா. நானாக்கும் வர்க்கலையில வண்டிய நிறுத்தச் சொன்னது. கடல பாக்கணும்னு ஒரு ஆசை. அவ வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல்ல."

தம்பி நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். அந்த ஒரு நாளைக்காக எத்தனை பேரிடம் ஷிப்டு மாற்றிக்கொண்டானோ, எத்தனை நாள் இரட்டை வேலை பார்த்தானோ. "சரிப்பா, அதுக்கென்ன" என்றான். ஆனால் தாடை இறுகியிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டியிலிருந்து இறக்கிக் கடைக்குள் கொண்டுபோக நேரம் இல்லை. தம்பி பின் இருக்கையில் ஏறி, முன்னால் குனிந்து, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிடித்து வைத்திருந்த மேசையின் சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கி வந்திருந்தான். கரிமீன் பொரித்தது. அப்பா ஒரு துண்டை நாக்கில் வைத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். விழுங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கப்பலில் சாப்பாடு எப்படி என்று கேட்டார். தூங்க இடம் உண்டா என்று கேட்டார். வாடகை வீட்டுக்குக் குடி போன மகனிடம் கேட்பதுபோல அதையும் இதையும் கேட்டார். தம்பி எல்லாவற்றுக்கும் உண்டு, உண்டு என்றான். கேட்க வேண்டியதை இரண்டு பேரும் கேட்கவில்லை.

அவனுடைய டிரைவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். ஆலப்புழையில் பாலம் வேலை நடக்கிறது, ஒரு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் தாமதித்தாலும் தன்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார்.

பிரியும்போது ஜெபிக்காமல் எங்கள் வீட்டில் யாரும் படி இறங்கியது கிடையாது. அப்பாவின் ஜெபம் சபையிலேயே பேர் போனது. ஆதாமில் தொடங்கி, கடலில் பயணம் செய்கிறவர்கள், சிறையில் இருப்பவர்கள், வேலை இல்லாதவர்கள் என்று ஒருவரையும் விடாமல் சுற்றி வந்து ஆமென் சொல்வதற்குள் சோறு ஆறிவிடும். சின்ன வயதில் நானும் தம்பியும் கண்ணை மூடிக்கொண்டே ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொள்வோம். அன்றைக்கு அவர் தம்பியின் தலையில் கை வைத்தார். நாங்கள் கண்ணை மூடினோம்.

"ஆண்டவரே, இவனை நேரத்துக்குக் கொண்டு சேரும். ஆமென்."

அவ்வளவுதான். நான் கண்ணைத் திறந்தபோது தம்பி இறங்கிக்கொண்டிருந்தான். துபாயில் வாங்கிய ஒரு கம்பளியை என் கையில் திணித்தான். அப்பாவின் மேல் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திவிட்டுத் தன் காரில் ஏறினான். ஒன்று இரண்டுக்கு அந்தக் கார் திரும்பி வடக்கே போயிற்று. இருபது நிமிஷம். அப்பா கண்ணாடி வழியாகப் பார்க்க முயன்றார். இருக்கை சாய்ந்திருந்ததால் அவருக்கு வண்டியின் கூரைதான் தெரிந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் நான் அழுதேன். அப்பா நெடுநேரம் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பாறசாலை தாண்டியபோது பேசினார்.

"அவன்ட்ட நீ ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியா."

"ஏம்ப்பா நீங்க அப்படிச் சொன்னீங்க? தப்பு என்னோடதுதானே?"

"நான் போறவன். என் மேல கோவம் இருந்தா அது என்கூட போயிரும். நீங்க ரெண்டு பேருமில்லா இனி ஒருத்தருக்கொருத்தர் இருக்கணும்."

பத்தொன்பதாவது நாள் அப்பா இறந்தார். கப்பல் அப்போது எங்கோ நடுக்கடலில். சிக்னல் கிடைத்த நேரங்களில் தம்பி போனில் அடக்க ஆராதனையைப் பார்த்தான். பாதியில் படம் நின்றுவிட்டதாம். பெட்டியை மூடியதை அவன் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்து வந்து நான் முதலில் செய்த காரியம், நாற்காலி போட்டு ஏறி இடது பக்கக் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றியது. என் கணவர் போன் செய்கிற நேரத்தைக்கூட இப்போதெல்லாம் இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறேன்.

தம்பி ஒப்பந்தம் முடிந்து வந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தான். கல்லறைக்குப் போனான், பூ வைத்தான், வெள்ளை அடித்தான். கொல்லத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா சொல்லாதே என்றாரே என்று எழுந்து வந்துவிட்டேன். அது எனக்கு எவ்வளவு சௌகரியமான கட்டளை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

மறுபடி கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அவன் நின்றுபோன கடிகாரத்தைக் கவனித்தான். "பேட்டரி தீந்து கெடக்கு. இதக்கூட பாக்க மாட்டியா?" என்று புதுப் பேட்டரி வாங்கி வந்து, நாற்காலியில் ஏறி, போனில் மஸ்கட் நேரம் பார்த்து முள்ளைத் திருப்பினான். அது ஓடத் தொடங்கியது. அவன் இறங்காமல் அங்கேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா? நான் வந்து காத்துக் கெடக்கேன்னு தெரியாமத்தான அப்பா வண்டிய நிறுத்தச் சொன்னாரு?"

கேள்விக்குள்ளேயே அவன் பதிலையும் வைத்திருந்தான். தெரியாமல் செய்தார் என்று நான் சொன்னால் போதும், அப்பாவை அவன் மன்னித்துவிடுவான். நிறுத்தச் சொன்னது அவரே இல்லை என்று சொல்ல ஒரு வாசல் அங்கே திறந்தே கிடந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவனுக்குத் தெரியவில்லை.

"ஆமா" என்றேன்.